இரண்டு வாள் ராசா

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

சென்ற மாதம் பரமட்டாவில் இளம் பொறியியலாளர்கள் நீங்கள் கூடியபோது, "அங்கிள், உங்கட வேலை அனுபவத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ" என்று என்னை மேடையில் ஏற்றினீர்கள். மூன்றாவது வார்த்தைக்கு நான் வருவதற்குள் ரோல்ஸ் பலகாரத் தட்டு வந்துவிட்டது. மண்டபம் காலி. உங்களைக் குறை சொல்லமாட்டேன். மைக்கைப் பிடித்தபடி நானும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் சொல்ல வந்ததை எழுதித் தருகிறேன். எழுத்தின் நடுவில் எழும்பிப் போவதற்குக் கொஞ்சமாவது வெட்கம் வரும்.

முதலில் ஒரு திருத்தம். எனக்கு ஓய்வு வந்துவிட்டது, வயது வரவில்லை. கப்பல் கந்தோர்கள், உங்கள் பாஷையில் ஆபீஸ்கள், ஒவ்வொன்றாக மூடியதில் நான் உட்கார்ந்திருந்த கதிரை போனது, அவ்வளவுதான். என்னை அங்கிள் என்று கூப்பிடுபவர்களில் இரண்டு பேருக்கு என்னைவிட முடி குறைவு.

வளைகோடு எப்படி இழுப்பது, எடைக் கணக்கு எப்படிப் போடுவது என்பதெல்லாம் இப்போது உங்கள் கணினிக்குத் தெரியும். நான் சொல்லப்போவது அதற்குத் தெரியாத ஒன்றைப் பற்றி. பதறுவது. என் வேலைக்காலம் முழுவதும் நான் விடாமல் பயிற்சி செய்த ஒரே கலை அது. எழுபதுகளின் நடுவில், சிட்னியில், அதில் நான் உச்சத்தைத் தொட்ட ஒரு வாரத்தை இங்கே விவரிக்கிறேன்.

கொழும்பில் கப்பல் படவரைஞனாக இருந்துவிட்டு வந்த எனக்குப் பால்மெயினில் ஒரு சிறிய கப்பல் வடிவமைப்புக் கந்தோரில் வேலை கிடைத்தது. படகுச் சேவைக்கான ஃபெரிகள், இழுவைப் படகுகள், சேறு வாரும் ஒரு கப்பல்: இவைதான் எங்கள் அழகிகள். எனக்குப் பின்னால் சேதுராமன் வந்து சேர்ந்தார். நாகப்பட்டினத்துக்காரர். கப்பல் நிமிர்ந்து நிற்குமா, சாயுமா என்று கணக்குப் போடுவது அவர் வேலை. அந்த வருடம் கப்பல் கட்ட ஆள் வருவது குறைந்துகொண்டே போனது. வேலை இல்லாவிட்டால் கடைசியாக வந்தவர்களை முதலில் அனுப்புவது கந்தோர் வழக்கம். கடைசியாக வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். நார்த்மீட்டில் வாடகை வீடு, மனைவி, பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய மகள் என்று நான் அப்போதுதான் கால் ஊன்றியிருந்தேன். 

அந்த நேரத்தில்தான் ஒரு கண்காட்சி முதலாளி வந்தார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய கழுத்துப்பட்டி. பிர்மொண்டில் ஒரு பழைய கம்பளிக் கிடங்கை எடுத்து, அதற்குள் ஒரு போர்க்கப்பலை நிறுத்தப் போவதாகச் சொன்னார். வட ஐரோப்பாவில் ஒரு குளிர்தேசத்து அரசன் முந்நூறு வருடத்துக்கு முன் கட்டிய பாய்க்கப்பல் அது. உடம்பெல்லாம் சிற்பம், சிற்பமெல்லாம் தங்கப்பூச்சு. எதிரி பயப்படுவதற்காகக் கட்டினானா, கண் கூசிக் கரை ஒதுங்குவதற்காகக் கட்டினானா என்று தெரியவில்லை. கப்பல் எரிந்து போய்விட்டது. அதன் வரைபடம் என்று ஒன்றுமில்லை; அந்தக் காலத்துத் தச்சர்கள் கண்ணாலேயே அளந்து கட்டியவர்கள். மிஞ்சியிருந்தவை நீள அகலம் பற்றிய சில அளவுகளும் ஒரே ஒரு ஓவியமும். அந்த ஓவியத்தின் பெரிய புகைப்படத்தை முதலாளி எங்கள் மேசையில் விரித்தார்.

"முதல்லை பின்புறத்தின்ர மேல் பகுதியை மட்டும் நிஜ அளவிலை செய்வம். அது சனத்துக்குப் பிடிச்சால் முழுக் கப்பலும் உங்களுக்குத்தான், மச்சான்" என்றார்.

(அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் என் நினைவில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள். 'மேட்' என்பதை மச்சான் என்று மொழிபெயர்க்காமல் வேறு எப்படி மொழிபெயர்ப்பது?)

முழுக் கப்பல் கிடைத்தால் சேதுவும் நானும் பிழைத்தோம். கிடைக்காவிட்டால் வேலை தேடவேண்டும். விஷயம் அவ்வளவு எளிமையானது.

பின்புறத்தின் உச்சியில் அரசன் நிற்கிறான், ஆள் உயரத்துக்கும் சற்று மேல். ஓவியத்தில் கப்பல் பீரங்கி சுட்டுக்கொண்டிருக்கிறது. ஓவியன் என்ன செய்தான் என்றால், பீரங்கிப் புகையைக் கொண்டுபோய் அரசனின் ஒரு பாதியைச் சரியாக மூக்குத்தண்டு வரை மூடிவிட்டான். தெரிகிற பாதியில் வலது கை வாளை ஓங்கியிருக்கிறது. தோளிலிருந்து ஒரு பட்டி மார்புக்குக் குறுக்காக இறங்குகிறது. வலது கால் ஒரு மிருகத்தின் முதுகில் முன்னால் ஊன்றியிருக்கிறது. பக்கத்தில் ஒரு கடற்கன்னி சங்கு ஊதுகிறாள்.

இப்போது எங்கள் தொழிலின் ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். கப்பலுக்கு இடமும் வலமும் ஒன்று. ஆகவே நாங்கள் முழுக் கப்பலைக் கீறுவதில்லை. நடுக்கோடு வரை பாதியைக் கீறுவோம். ஓரத்தில் "மறுபக்கம் இதேபோல், கைமாற்றி", அதாவது கண்ணாடிப் பிம்பம்போல, என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவோம். ஃபெரியும் பாதி, இழுவைப் படகும் பாதி, சேறு வாரியும் பாதி. என் கை நடுக்கோட்டைக் கண்டால் தானாகவே நின்றுவிடும், மாட்டுவண்டி மாடு வீட்டு வாசல் படலையில் நிற்பதுபோல.

அந்த அரசனின் பாதியையும் அப்படித்தான் அழகாகக் கீறினேன். நடுக்கோடு வந்தது. கை நின்றது. புகை போட்ட ஓவியனுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். எனக்காகவே பாதி வேலையைக் குறைத்திருக்கிறான் மனிதன். ஓரத்தில் வழக்கமான வசனத்தை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தேநீர் குடிக்கப் போனேன்.

படம் மரிக்வில்லில் இருந்த ஒரு சிற்பியிடம் போனது. மால்ட்டாவிலிருந்து வந்தவர், தேவாலயங்களுக்குப் புனிதர்களைச் செதுக்குபவர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். பெயரைப் போடக் கூடாது என்று பின்னாளில் மிரட்டியிருக்கிறார், ஆகவே சிற்பி என்றே சொல்கிறேன். எங்கள் கந்தோர்த் தலைவரோ, "இனி நீர் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு, வடக்கே தொலைபேசி இல்லாத ஒரு கடற்கரைக்கு மீன் பிடிக்கப் போய்விட்டார்.

திறப்பு விழா சனிக்கிழமை. அந்த வாரம் திங்களன்று சிற்பி தொலைபேசினார். "உம்மட ராசா எழும்பி நிக்கிறார். வந்து பாரும்."

நானும் சேதுவும் போனோம். பட்டறைக் கதவைத் திறந்ததும் சேது நின்றுவிட்டார்.

"அண்ணே," என்றார் மெதுவாக, "இது யாரு, எல்லைச்சாமியா?"

அரசன் இரண்டு கையிலும் இரண்டு வாளை ஓங்கிக்கொண்டு நின்றான். இரண்டு தோளிலிருந்தும் இரண்டு பட்டிகள் இறங்கி மார்பு நடுவில் கூடி, அசல் கலியாண மாலையாகத் தொங்கின. இரண்டு மிருகங்கள், இரண்டு கால்களும் முன்னால். நிற்கிறானா, பாய்ந்து குதிக்கிறானா என்று சொல்லமுடியாது. ஓவியத்தில் கிரீடம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதையும் நான் பாதிதானே கீறினேன்? இப்போது அது நடுவில் பள்ளம் விழுந்து இரட்டைக் கோபுரமாக இருந்தது. இரு புறமும் இரண்டு கடற்கன்னிகள் அவனுக்கு நாதஸ்வரக் கோஷ்டி மாதிரிச் சங்கு ஊதினார்கள். தங்கம் தகதகவென்று எரிந்தது.

"எப்பிடி?" என்றார் சிற்பி, கைகளைக் கட்டிக்கொண்டு.

"உங்களுக்கு... இதிலை ஒண்டும் வித்தியாசமாத் தெரியேல்லையோ?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சது. உங்கட கந்தோருக்கு எடுத்துக் கேட்டன். 'படத்திலை என்ன இருக்கோ அதைச் செய்யுங்கோ'ண்டு ஒரு ஆள் சொல்லிப்போட்டு வைச்சிட்டார்."

அந்த ஆள் நான்தான். தேநீர் ஆறுகிறதே என்று அவசரமாகச் சொன்னது.

பக்கத்தில் இருந்த ஒரு மிருகத்தின் முதுகில் உட்கார்ந்துவிட்டேன். தங்கத்தாள் ஒட்டுவதற்காக அதற்கு அப்போதுதான் பசை பூசியிருந்தார்களாம். சுற்றிலும் தங்கத்தூள் சிதறியிருந்ததாம். அன்றைக்குப் பரமட்டா ரயிலில் தங்கம் பூசிய பின்புறத்தோடு பயணம் செய்த ஒரே படவரைஞன் நான்.

ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. நான் உட்கார்ந்த அதே நிமிடம் முதலாளி கதவைத் திறந்துகொண்டு வந்தார். அரசனைப் பார்த்தார். வாய் பிளந்தார். நான் கண்ணை மூடினேன்.

"ரெண்டு வாள்!" என்று கத்தினார். "அருமை! அருமை மச்சான்! ஏன் ரெண்டு?"

இந்த இடத்தில், பிள்ளைகளே, நிதானமுள்ள ஒருவர் ஒரு மூச்சு எடுத்திருப்பார். நான் வாயைத் திறந்தேன்.

"ஒண்டு நிலத்துக்கு," என்றேன். "மற்றது கடலுக்கு."

அதை நான் யோசிக்கவேயில்லை. பயத்தில் தும்மல் வருவதுபோல வந்தது. ஆனால் எவ்வளவு அழகான பொய் பாருங்கள்! சேது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் திகில் பாதி, மரியாதை பாதி. முதலாளி கண்கலங்கிவிட்டார். "நிலத்துக்கு ஒண்டு, கடலுக்கு ஒண்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே காரில் ஏறிப் போனார்.

அன்றிரவு மனைவியிடம் சொன்னபோது அவள் குசினியில் அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாலையும் போட்டு, ரெண்டு காலையும் முன்னாலை வைச்சு... எங்கட கலியாணப் படத்திலை நீங்களும் அப்பிடித்தானேயப்பா நிண்டனீங்கள்." பிறகு என் காற்சட்டையைத் தூக்கிப் பார்த்து, அதில் இருந்த தங்கம் கழுவினால் போகுமா, சுரண்டி எடுத்தால் ஒரு தோடாவது தேறுமா என்று விசாரித்தாள். வேலை போகலாம் என்று நான் சொன்னதும்தான் சிரிப்பை நிறுத்தினாள்.

ஆனால் வேலை போகும்போலத் தெரியவில்லை. அதுதான் சிக்கல். முதலாளிக்குச் சந்தோஷம். ஓவியத்தில் மறுபாதி புகை. இரண்டாவது வாள் இல்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் முழுக் கப்பலும் எங்களுக்கு. செவ்வாய் முழுவதும் சேதுவும் நானும் வாயை மூடிப் பழகினோம்.

புதன்கிழமை, முதலாளி சொல்லிக் கேள்விப்பட்டு, அந்தக் குளிர்தேசத்துத் தூதரகத்திலிருந்து ஒரு கலாச்சார அதிகாரி எங்கள் கந்தோருக்கே வந்தார். மெலிந்த, மிகவும் மரியாதையான இளைஞர். என் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"எங்கட ராசாவைப் பற்றி எங்களுக்கே தெரியாத விஷயத்தை நீங்கள் கண்டுபிடிச்சிருக்கிறியள்," என்றார். "நிலத்துக்கு ஒண்டு, கடலுக்கு ஒண்டு. அற்புதம்! ஊருக்குச் சொல்லப்போறன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கவேணும்."

அவர் போனதும் சேது கதவைச் சாத்தினார். "அண்ணே, நீங்க ஒரு நாட்டு சரித்திரத்தையே மாத்திட்டீங்க. அதுவும் உக்காந்தபடியே."

"என்ன செய்யலாம், சேது?"

"ரெண்டாவது வாளை எடுத்துட்டு ஒரு செங்கோல் வெச்சிடலாம். எந்த ராஜா கையில செங்கோல் இல்ல? ஒருத்தனும் கேள்வி கேக்கமாட்டான்."

சிற்பியைக் கேட்டேன். "ரெண்டு நாளிலை செதுக்கலாம்," என்றார். "கீறித் தாரும். ஆனால் ஒரு கேள்வி. அது ஆரின்ர செங்கோல்?"

"ராசாவின்ர."

"எப்பிடித் தெரியும்?"

தொலைபேசியை வைத்துவிட்டுக் கீற உட்கார்ந்தேன். என் வேலைக்காலத்தில் நான் மறக்காத ஒரு மத்தியானம் அது. முதலில் ஒரு செங்கோல் கீறினேன்; தலைப்பில் சிலுவை வைத்தது. நன்றாக இருந்தது. பிறகு ஒரு பூமிப் பந்து கீறினேன். அதுவும் நன்றாக இருந்தது. கேடயம், சுருட்டிய வரைபடம், கழுகு, எல்லாம் கீறினேன். ஒவ்வொன்றும் அந்தக் கைக்கென்றே பிறந்ததுபோல இருந்தது. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் ஒத்திகை.

எனக்குத் தெரிந்த பாதியைக் கீறிய அதே பென்சில், அதே தடிப்பு, அதே சுத்தமான கோடு. தெரியாததையும் அது அதே நம்பிக்கையோடு கீறுகிறது. தாளைப் பார்க்கிறவனுக்கு எது ஓவியத்திலிருந்து வந்தது, எது என் வயிற்றுக் கலக்கத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. உங்கள் கணினித் திரையிலும் அப்படித்தான், பார்த்திருப்பீர்கள். அளந்த எண்ணும் ஊகித்த எண்ணும் ஒரே பச்சையில்தான் மின்னும்.

தாள்களைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். புதுத் தாள் எடுத்தேன். பாதி அரசனைத் திரும்பக் கீறினேன். நடுக்கோடு வந்தது. மறுபாதிக்கு ஒரு வெளிக்கோடு மட்டும் போட்டு, உள்ளே ஒன்றும் கீறாமல், "வெறும் பலகை. இந்தப் பக்கம் தெரியாது" என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தேநீர் குடிக்கப் போகவில்லை.

சேது தாளை வாங்கிப் பார்த்தார். "இதைக் கொண்டுபோய் அந்தாளுகிட்ட குடுத்தா, நம்ம ரெண்டு பேரையும் இதே பலகையில படுக்க வெச்சிடுவார்," என்றார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, "வாங்க, போகலாம்" என்றார். அவருக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். 'எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று அவர் சொல்லியிருந்தால் நான் அந்தத் தாளையும் சுருட்டிப் போட்டிருப்பேன்.

சிற்பி தாளைப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிய முதல்முறையாகச் சிரித்தார். அவர் அரசனை இரண்டு பாதியாகச் செதுக்கி, நடுவில் போல்ட் போட்டுத்தான் இணைத்திருந்தார். நான் பாதியாகக் கீறியதால் வந்த ஒரே நன்மை. "முதலாளியைக் கேட்டிட்டுக் கழட்டுவமோ?" என்றார்.

இதுவும் உங்களுக்காக. நான் யோசித்தேன்: கேட்டால் இல்லை என்பார். கேட்காமல் செய்தால் மோசடி. நடுவில் ஒரு வழி இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் திரும்பப் பூட்டலாம். வெட்டினால்தான் திரும்ப ஒட்டமுடியாது. பதற்றத்தில் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று கை துடிக்கும்போது, திருப்பி எடுக்கக்கூடிய வேலையாகப் பார்த்துச் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை காலை, பிர்மொண்ட் கிடங்கில், கைமாற்றிய பாதியைக் கழற்றி அப்படியே பக்கத்தில் நிறுத்தினோம். அதன் இடத்தில் வெளிக்கோட்டுக்கு அளவாக வெட்டிய வெறும் பலகையைப் பூட்டினோம். இரண்டையும் பார்த்து முதலாளியே முடிவு செய்யட்டும்.

அவர் வந்தார். பார்த்தார். கழுத்துப்பட்டிக்கு மேலே இருந்ததெல்லாம் சிவந்தது.

"என்ர ராசா எங்கை?"

"பாதி இஞ்சை இருக்கு," என்றேன்.

"மற்றப் பாதி?"

"அது நான் கண்ணாடியிலை பார்த்துக் கீறினது. எங்கட வழக்கம் அப்பிடி. கப்பலுக்குச் சரி, ஆளுக்குப் பிழை. ஓவியத்திலை அந்தப் பக்கம் புகை. என்ன இருந்ததெண்டு எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப நிலம்? கடல்?"

"அது என்ர வாய்," என்றேன்.

அவர் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பெரிய அறிவிப்புப் பலகையில், தங்க எழுத்தில், என் பொய் காய்ந்துகொண்டிருந்தது. "சனம் டிக்கெட் எடுத்து வாறது அரை ராசாவைப் பார்க்கவோ? நாளைக்கு அந்த நாட்டுக் கொன்சல் வாறார்! நாளைக்கு!" பிறகு சிற்பியிடம் திரும்பினார். "நீராவது சொல்லும். எது நல்லாயிருக்கு?"

சிற்பி தங்கப் பாதியைக் காட்டினார். "இது ராசா." கழற்றி வைத்ததைக் காட்டினார். "இது கண்ணாடி. நான் ரெண்டையும்தான் செதுக்கினன். எனக்கு வித்தியாசம் தெரியும்."

முதலாளி பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தார். நான் மனதுக்குள் நார்த்மீட் வீட்டைக் காலி செய்து, தளபாடங்களை விற்று, மகளின் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியும் முடித்துவிட்டேன். என் பதற்றம் எப்போதும் எனக்கு முன்னால் ஓடிப்போய் மூட்டை கட்டிவிடும்.

அப்போது சனம் உட்கார நீள வாங்கு ஒன்றைத் தூக்கிவந்த இரண்டு வேலையாட்கள் அரசனுக்கு முன்னால் நின்றார்கள். தங்கப் பக்கத்தை ஒரு நொடி பார்த்தார்கள். பிறகு இருவரும் வெறும் பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள்.

"இதிலை என்ன இருந்திருக்கும்?" என்றார் ஒருவர்.

"கேடயம். பின்னை என்ன?"

"வாள் ஓங்குறவனுக்குக் கேடயம் என்னத்துக்கு? கொடியாத்தான் இருக்கும்."

"கொடி பிடிக்க வேறை ஆள் இருப்பான். ராசாவுக்குக் கையிலை பியர்."

"முந்நூறு வருசத்துக்கு முன்னம் பியர் இருந்ததோ?"

"அப்ப என்னத்தைக் குடிச்சிட்டு இப்பிடிக் கப்பல் கட்டினவன்?"

வாங்கைக் கீழே வைத்தார்கள். உட்கார்ந்தே வாதாடினார்கள். முதலாளி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை இரண்டு வாளைப் பார்த்துக் கத்தியபோதுகூட அவர் முகத்தில் அந்த வெளிச்சம் இருக்கவில்லை. அவருக்குக் கப்பல் தெரியாது, சரித்திரம் தெரியாது, சனத்தைத் தெரியும். 

எழும்பி வந்து அறிவிப்புப் பலகையைச் சுவரோடு திருப்பி வைத்தார். "புகையாலை மறைஞ்ச பக்கம்," என்றார், யாரிடமும் என்றில்லாமல். "ஒருத்தருக்கும் தெரியாத பக்கம்." பிறகு என்னிடம்: "உம்மிலை எனக்கு இன்னும் கோபம் போகேல்லை."

"எனக்கும்தான்," என்றேன்.

சனிக்கிழமை அந்த நாட்டுத் தூதரான கொன்சல் வந்தார். அரசனுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பலகையைக் காட்டி, இங்கே என்ன இருந்தது என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அங்கேயே நின்றார்; அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம் கூடி, அதே கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டது. அந்தக் கலாச்சார அதிகாரிதான் பாவம். மன்னிப்புக் கேட்கப் போனேன். "ஊருக்குச் சொல்லிப்போட்டனே," என்றார், முகம் வாடி. "இனி இல்லையெண்டு சொல்லவேணும். இரண்டாவது தரம் சொல்லுறதை ஆர் கேக்கிறது?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேதுவுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். சேது அவருக்கு ஒரு கேக் துண்டு எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை முதலாளி கந்தோருக்கு வந்தார். மீன் பிடிக்கப் போயிருந்த தலைவரும் வெயிலில் வெந்து திரும்பியிருந்தார். முழுக் கப்பலைப் பற்றிப் பேசவேண்டும் என்றார் முதலாளி. நானும் சேதுவும் மேசைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல நின்றோம்.

"பீரங்கி எத்தினை?" என்று கேட்டார்.

ஓவியத்தில் கப்பலின் ஒரு பக்கம் முழுதும் தெரிந்தது. எண்ணிச் சொன்னேன்.

"மற்றப் பக்கம்?"

"அதே அளவுதான்," என்றேன் உடனே. "கைமாற்றி."

முதலாளி கதிரையில் சாய்ந்தார். கண்கள் சிறுத்தன. "எப்பிடித் தெரியும்?"

என் வாய் திறந்தது. ஏதோ ஒன்று உள்ளிருந்து புறப்பட்டு வருவதை உணர்ந்தேன்; அழகான, வழவழப்பான ஏதோ ஒன்று. பல்லைக் கடித்துக்கொண்டேன். தலைவர் என்னைப் பார்த்தார். நான் சேதுவைப் பார்த்தேன்.

சேது தொண்டையைச் செருமினார். "அந்தப் பக்கம் இல்லேன்னா, கப்பல் இந்தப் பக்கம் சாஞ்சிடும் சார்."

முதலாளி தன் உள்ளங்கையை மேசைக்கு மேலே கப்பல்போலப் பிடித்தார். மெதுவாக ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். நிமிர்த்தினார். 

"சரி," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ப ராசாவின்ர கை?"

"அந்தக் கையிலை என்ன இருந்தாலும் கப்பல் சாயாது," என்றேன். "அதுதான் தெரியேல்லை."

முதலாளி கதிரையைத் தள்ளினார். எழும்பினார். தொப்பியை எடுத்தார். "கீறுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சேது பலகையில் புதுத் தாளை விரித்து, நாலு மூலையிலும் ஒட்டினார். நான் பென்சிலைச் சீவி நடுக்கோட்டை இழுத்தேன்.